அடைத்த கதவும் அறியா வழியும்: ஆய்வுக் கட்டுரைகள் பொதுவான வரலாறு

முன்னுரை

ஓர் அறிவுச் செல்வம் கற்பவர் கைக்கு வந்து சேர இரண்டு வாய்ப்புகள் வேண்டும். அதனை உடையவர் கொடுக்க இசைதல் வேண்டும். அது எவ்விடத்தில் உள்ளது என்பதைத் தேடுபவர் அறிந்திருத்தலும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் நூல் இருந்தும் இல்லாததாகிவிடும்.

தமிழுலகம் இவ்வுண்மையை ஏட்டுச் சுவடிகளின் வாயிலாக நன்கு உணர்ந்திருக்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடங்கேட்டுத் தேர்ந்தவர் உ.வே. சாமிநாதையர். எனினும், 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கும் வரையில் அவர் சீவக சிந்தாமணியைப் பயின்றிருக்கவில்லை. முதலியார் எழுப்பிய வினாவே அவரைப் பழந்தமிழ் நூல்களின் பக்கம் திருப்பியது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அம்முயற்சியிலும் அதன் பின்னரும் ஊர் ஊராய் ஏடு தேடி அலைந்தபோது, சுவடி இருந்தும் தரத் தயங்கியவர்களை அவர் கண்டார். தம் வீட்டுப் பரணில் கிடப்பது இன்ன நூல் என்றே அறியாதவர்களையும் கண்டார்.

இவ்விரு தடைகளும் ஏட்டுக் காலத்தோடு மறைந்துவிடவில்லை. உலகின் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி இணையத்தில் ஏறிவிட்ட இக்காலத்திலும், கட்டணம் என்னும் பூட்டு ஒருபுறமும், இருக்குமிடம் தெரியாமை மறுபுறமும் கற்பவரைத் தடுக்கின்றன. இப்பூட்டைத் திறக்கவும் வழியைக் காட்டவும் அறிஞர் உலகம் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறு, தமிழாய்வு இன்று நிற்கும் இடத்தை உணர்வதற்கும் துணை செய்யும்.

கடிதமும் இதழும்

பதினேழாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரையில் ஐரோப்பிய அறிஞர்கள் தம் கண்டுபிடிப்புகளைப் பெரும்பாலும் கடிதங்களிலேயே பகிர்ந்துகொண்டனர். கடிதம் பெற்றவர் அதனைப் படியெடுத்து வேறு நண்பர்களுக்கு அனுப்புவார். அந்த நட்பு வட்டத்துக்கு வெளியே இருந்தவர்க்குச் செய்தி எளிதில் எட்டாது. 1665 சனவரியில் பாரிசு நகரில் தெனி தெ சாலோ என்பவர் 'ழூர்னால் தே சவான்' என்னும் இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், இலண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 'பிலசாபிகல் டிரான்சாக்சன்ஸ்' என்னும் இதழை வெளியிட்டார். அறிவியல் ஆய்விதழ் என்னும் வகைமை இவ்விரண்டிலிருந்தே தோன்றியது. ஓல்டன்பர்க் தம் பொறுப்பிலேயே இதழை நடத்தினார்; அவர் எதிர்பார்த்த வருவாய் அதனால் கிட்டவில்லை.

இத்தொடக்கக் காலத்திலேயே ஒரு மரபு நிலைபெற்றது. கட்டுரை எழுதியவர் அதற்குப் பணம் பெறுவதில்லை. முதலில் கண்டவர் இவர் என்னும் பெயரும், பிறர் தம் கட்டுரையைப் படித்து அதன்மேல் மேலும் ஆய்வு எழுப்புவதுமே அவர் பெறும் ஊதியம். கவிஞருக்கும் புதினம் படைப்பவருக்கும் எழுத்து வாழ்வூதியமாகவும் அமையலாம். பாரதியின் படைப்புகளை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியபோது, அவர் குடும்பத்தார்க்குப் பொருள் வழங்கப்பட்டது அதனாலேயே பொருத்தமாயிற்று. ஆய்வுக் கட்டுரையின் நிலை வேறு. அதனை எழுதியவர் எத்துணைப் பேர் படிக்கின்றனரோ அத்துணை மகிழ்வார். அதன் விலையால் அவருக்கு வரவேண்டிய வாசகரே குறைவர். பின்னர் எழுந்த போராட்டங்கள் அனைத்திற்கும் இவ்வேறுபாடே அடிப்படையாகும்.

சந்தா என்னும் பூட்டு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அரசுகள் ஆராய்ச்சிக்குப் பெரும்பொருள் ஒதுக்கின. ஆய்வாளர் தொகை பெருகியது, கட்டுரைகளும் பெருகின. அறிஞர் கழகங்கள் நடத்திவந்த இதழ்களோடு வணிகப் பதிப்பகங்களின் இதழ்களும் போட்டியிட்டன. 1951இல் ராபர்ட் மேக்ஸ்வெல் நிறுவிய பெர்கமான் பதிப்பகம் நூற்றுக்கணக்கான ஆய்விதழ்களைத் தொடங்கியது. 1991இல் அது எல்சேவியர் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

ஆய்விதழ் வணிகத்தின் இயல்பு பிற வணிகங்களிலிருந்து மாறுபட்டது. ஒரு கடையில் அரிசி விலை ஏறினால் வேறு கடைக்குச் செல்லலாம். ஓர் இதழில் வந்த கட்டுரை வேறோர் இதழில் கிடைக்காது. ஆகவே நூலகம் விலையை மறுத்துப் பேச இயலாத நிலையில் இருந்தது. ஆராய்ச்சிக்குப் பொருள் தருவது மக்களின் வரிப்பணம்; கட்டுரை எழுதுபவர் பணம் பெறுவதில்லை; அதன் தகுதியை மதிப்பிடும் துறை வல்லுநரும் பொதுவாக ஊதியம் பெறுவதில்லை. இவ்வாறு உருவான பொருளையே பல்கலைக்கழக நூலகம் மீண்டும் பொதுப்பணம் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சந்தா விலை ஏறிக்கொண்டே சென்றமையால், செல்வம் மிக்க நாடுகளின் நூலகங்களே இதழ்களை நிறுத்தத் தொடங்கின. இந்தியக் கல்லூரி நூலகங்களின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை.

இயற்பியலார் காட்டிய வழி

இந்நெருக்கடிக்கு முதல் விடை வணிகத்தை எதிர்த்து எழுந்ததன்று. பழைய கடித மரபிலிருந்தே அது முளைத்தது. துகள் இயற்பியல் துறையினர் தம் கட்டுரை அச்சாகும் வரையில் காத்திராமல், அதன் தட்டச்சுப் படிகளைப் பிற ஆய்வு நிலையங்களுக்கு அஞ்சலில் அனுப்பும் வழக்கமுடையவர். இப்படிகள் முன்னச்சுகள் எனப்பட்டன. பெரிய நிலையங்களில் இருந்தவர்க்கு முன்னச்சுகள் குவிந்தன. சிறிய கல்லூரிகளில் இருந்தவர்க்கு அவை எட்டவில்லை. கடித வட்டத்தின் பழைய குறை மீண்டும் தலைகாட்டியது.

1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய பால் கின்ஸ்பார்க், முன்னச்சுகளைத் தாமாகவே பெற்றுச் சேமித்துக் கேட்பவர்க்கு மின்னஞ்சலில் அனுப்பும் கணினி அமைப்பு ஒன்றை உருவாக்கினார். வையவிரிவு வலை அறிஞரிடையே பரவுவதற்கு முன்னரே இது நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் 'ஆர்க்கைவ்' என்னும் பெயர் பெற்ற இக்களஞ்சியம் 2001இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. இயற்பியலோடு கணிதம், கணினியியல் முதலிய துறைகளையும் தழுவி, 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருபது இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். எழுதியவரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. இங்குள்ளவை அனைத்தும் துறை வல்லுநரின் முறையான மதிப்பீட்டைக் கடந்தவை அல்ல என்பதைப் படிப்பவர் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

1994 சூன் திங்களில் அறிதல் அறிவியலாளர் ஸ்டீவன் ஹார்னட், இம்முறையை எல்லாத் துறையினரும் பின்பற்றலாம் என்னும் கருத்தை முன்வைத்தார். விற்பனைக்காக எழுதப்படும் எழுத்தையும், துறையினர் படிப்பதற்காகவே எழுதப்படும் எழுத்தையும் அவர் வேறு பிரித்தார். பின்னதை எழுதும் ஒவ்வொருவரும் தம் கட்டுரையின் படியைத் தம் நிறுவனத்தின் கணினியில் பொதுவில் வைத்துவிட்டால் பூட்டு தானே பயனற்றுப்போகும் என்பது அவர் வாதம்.

புடாபெஸ்ட் அறிக்கை

சிதறிக்கிடந்த இம்முயற்சிகளுக்குப் பெயரும் வரையறையும் தந்தது அங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் 2001 திசம்பரில் நடைபெற்ற கூட்டமாகும். அதன் அறிக்கை 2002 பிப்ரவரி 14 அன்று வெளியாயிற்று. திறந்த அணுக்கம் என்று இன்று வழங்கும் கோட்பாடு அவ்வறிக்கையில் விளக்கம் பெற்றது. ஓர் ஆய்வுக் கட்டுரையை எவரும் படிக்கவும், இறக்கிக்கொள்ளவும், படியெடுக்கவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை பெறுவர். எழுதியவர்க்கு உரிய பெயரும் அவர் எழுத்தின் முழுமையும் காக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். 2003இல் பெதஸ்டாவிலும் பெர்லினிலும் வெளியான அறிக்கைகள் இக்கோட்பாட்டை உறுதிசெய்தன.

அறிக்கை இரு வழிகளைக் காட்டியது. இதழ் எதுவாயினும் எழுதியவர் தம் படியைக் களஞ்சியத்தில் சேர்ப்பது ஒரு வழி. இதழே கட்டணமின்றி வெளிவருவது மற்றொரு வழி. பிரேசில் நாட்டில் தொடங்கி 1998 முதல் இயங்கிவரும் 'சியெலோ' அமைப்பு, ஏழை நாடுகளின் இதழ்களும் பொதுவில் தழைக்க இயலும் என்பதை முன்னரே மெய்ப்பித்திருந்தது. இந்தியாவில் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனம் 2002இல் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளுக்குக் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த சுப்பையா அருணாசலம் இக்கொள்கையை இந்தியாவெங்கும் எடுத்துரைத்த முன்னோடிகளுள் ஒருவர்; 2004இல் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் களஞ்சியம் அமைப்பதற்கான பயிலரங்குகளை நடத்தினார்.

சட்டமும் துணைக்கு வந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் பொருளுதவி பெற்ற கட்டுரைகள் வெளியான 12 திங்களுக்குள் பொதுவில் வைக்கப்பட வேண்டும் என்னும் விதி 2008இல் நடைமுறைக்கு வந்தது. 2025 சூலை முதல் அக்காத்திருப்புக் காலமும் நீக்கப்பட்டது. இலண்டன் ராயல் சொசைட்டி 2011இல், எழுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட தன் கட்டுரைகளை எல்லார்க்கும் திறந்துவிட்டது. ஓல்டன்பர்க் தொகுத்த முதல் இதழை இன்று ஒரு சிற்றூர் மாணவரும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

கண்டடையும் கலை

கதவு திறப்பதோடு பணி முடிந்துவிடுவதில்லை. இலட்சக்கணக்கான கட்டுரைகளுள் தமக்கு வேண்டியதை அறிவது எவ்வாறு என்னும் வினா எஞ்சுகிறது. இதன் வரலாறும் நீண்டது. அமெரிக்க இராணுவ மருத்துவ நூலகத்தைப் பேணிய ஜான் ஷா பில்லிங்ஸ், 1879இல் மருத்துவக் கட்டுரைகளைப் பொருள்வாரியாக அடைவுபடுத்தும் 'இண்டெக்ஸ் மெடிகஸ்' வெளியீட்டைத் தொடங்கினார். அதன் வழித்தோன்றலான 'பப்மெட்' 1997 முதல் இணையத்தில் எவரும் கட்டணமின்றித் தேடும் அடைவாயிற்று.

1955இல் யூஜின் கார்ஃபீல்டு வேறொரு நெறியைச் சொன்னார். ஒரு கட்டுரையைப் பின்வந்த கட்டுரைகளில் எவை எவை மேற்கோளாகக் காட்டியுள்ளன என்று தொகுத்தால், பொருளால் தொடர்புடையவை தாமே வெளிப்படும் என்பது அவர் கருத்து. அதன்படி உருவான அறிவியல் மேற்கோள் அடைவு அறுபதுகளில் அச்சில் வெளிவந்தது. தமிழறிஞர்க்கு இந்நெறி முற்றிலும் புதியதன்று. உரையாசிரியர்கள் காட்டிய மேற்கோள்களைப் பற்றிக்கொண்டு தொலைந்த நூல்களின் பெயரையும் பாடலையும் மீட்டவர்கள் அவர்கள். மயிலை சீனி. வேங்கடசாமியின் 'மறைந்து போன தமிழ் நூல்கள்' அத்தகைய உழைப்பின் விளைவாகும்.

2004 நவம்பரில் கூகுள் நிறுவனத்தின் அனுராக் ஆச்சார்யாவும் அலெக்ஸ் வெர்ஸ்டாக்கும் உருவாக்கிய 'கூகுள் ஸ்காலர்' தேடுபொறி வெளியாயிற்று. மேற்கோள் தொடரும் முழுச்சொல் தேடலும் அதில் ஒன்றுசேர்ந்தன. ஒரு கட்டுரையின் தலைப்பை முழுமையாக இட்டால், தான் கண்டறிந்த அதன் படிகளை அது காட்டும். இதழின் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் கட்டுரையே, ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் திறந்திருப்பது உண்டு. ஒவ்வொரு கட்டுரைக்கும் மாறாத அடையாள எண் வழங்கும் டி.ஓ.ஐ. முறை 2000 முதல் ஆய்விதழ்களிடையே பரவியது. அவ்வெண்ணைக் கொண்டு முறையான இலவசப் படி எங்குள்ளது என்று தேடித்தரும் 'அன்பேவால்' என்னும் கருவி 2017இல் வெளிவந்தது. ஸ்வீடன் நாட்டு லண்ட் பல்கலைக்கழகத்தில் 2003இல் ஏறத்தாழ 300 இதழ்களோடு தொடங்கிய திறந்த இதழ்களின் அடைவு, இன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களைப் பட்டியலிடுகிறது. மானிடவியல் துறைகளின் பழைய இதழ்களைக் காக்கும் 'ஜெஸ்டோர்' களஞ்சியமோ, பெயரைப் பதிவுசெய்துகொள்ளும் தனியாளர் திங்கள்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கட்டுரைகளை இணையத்திலேயே படிக்க இடம் தருகிறது.

களஞ்சியப் படியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். ஆசிரியர் சேர்த்த படியும் இதழில் அச்சான வடிவமும் பக்க எண்ணில் வேறுபடலாம். சொற்களிலும் சிறு திருத்தங்கள் இருக்கலாம். சுவடிகளிடையே பாடவேறுபாடு நோக்கிப் பழகிய தமிழாய்வாளர், எப்படியிலிருந்து மேற்கோள் காட்டுகிறோம் என்று குறிப்பிடுவதைப் புதிய சுமையாகக் கருதமாட்டார். எல்லா வழியும் அடைபட்டால் ஆசிரியர்க்கே எழுதிக் கேட்பது ஓல்டன்பர்க் காலத்திலிருந்து பயன்தந்துவரும் வழியாகும்.

உடைத்தலும் ஒப்பந்தமும்

பூட்டைத் திறக்கும் பொறுமை எல்லார்க்கும் இருக்கவில்லை. அமெரிக்க இளைஞர் ஆரன் ஸ்வார்ட்ஸ், எம்.ஐ.டி. வளாகத்தின் இணைப்பு வழியே ஜெஸ்டோர் கட்டுரைகளைப் பெருந்தொகையாக இறக்கினார் என்னும் குற்றச்சாட்டில் 2011 சனவரியில் கைதுசெய்யப்பட்டார். வழக்கு முடிவதற்குள், 2013 சனவரியில் தம் 26ஆம் அகவையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கசகசுத்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பக்கியான் 2011இல் 'சை-ஹப்' என்னும் தளத்தைத் தொடங்கிப் பதிப்பகங்களின் இசைவின்றியே கட்டுரைகளை வழங்கினார். அவர்மேல் 2020இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2025இல் அத்தளத்தை இந்தியாவில் முடக்க நீதிமன்றம் ஆணையிட்டது. பதிப்புரிமையை மீறிய இவ்வழியைப் பல்லாயிரம் ஆய்வாளர் நாடினர் என்பது, முறையான வழிகள் அவர்கள் தேவைக்குப் போதவில்லை என்பதைக் காட்டுகிறது.

முறையான வழியிலும் புதிய இடர்கள் தோன்றின. படிப்பவரிடம் பெற்ற கட்டணத்தை எழுதுபவரிடம் பெறும் முறை பரவியது. 'நேச்சர்' இதழ் ஒரு கட்டுரையைத் திறந்த முறையில் வெளியிட 9,500 யூரோ பெறப்போவதாக 2020இல் அறிவித்தது. பொருளற்றவர் படிக்கலாம், எழுத இயலாது என்னும் நிலை இதனால் உருவாகிறது. மதிப்பீடு ஏதுமின்றிப் பணம் பெற்று எதனையும் வெளியிடும் போலி இதழ்களும் பெருகின. அவற்றைக் களையப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்த 'கேர்' பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. இலவசமாகக் கிடைப்பது என்பதற்காகவே ஒரு கட்டுரையை நம்பிவிடலாகாது. கட்டணம் உடையது என்பதாலேயே உயர்ந்தது என்று கொள்ளவும் இயலாது. மதிப்பிடும் பொறுப்பு படிப்பவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்திய அரசு ஒப்பந்த வழியைத் தேர்ந்தது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு 2024 நவம்பர் 25 அன்று மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள் பெறுமாறு 2025 சனவரியில் அது தொடங்கியது. அரசுக் கல்லூரி மாணவர்க்கு இது பெரும்பேறு. ஆனால் நிறுவனம் எதனையும் சாராத புலவரும், ஓய்வுபெற்ற ஆசிரியரும், தொழில் வேறாய் ஆய்வு ஆர்வமாய் வாழ்பவரும் இவ்வேலிக்கு வெளியே நிற்கின்றனர். தமிழாய்வில் அத்தகையோர் பங்கு சிறிதன்று. அவர்க்கு உரியது திறந்த அணுக்கம் ஒன்றே.

தமிழின் நிலை

தமிழாய்வு இதழ்களின் வரலாறு மேலைநாட்டு வரலாற்றிலிருந்து வேறானது. 1901இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' ரா. இராகவையங்காரை முதல் ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. 1923இல் 'செந்தமிழ்ச் செல்வி'யும், 1925இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப் பொழி'லும் தொடர்ந்தன. இவை சங்கங்களும் தமிழ்ப் பற்றாளர்களும் பேணிய இதழ்கள். கொள்ளை விலையால் இவை எவர்க்கும் பூட்டப்படவில்லை. இவற்றுக்கு நேர்ந்த இடர் வேறு: சில நூறு படிகள் அச்சாகிச் சில நூலகங்களில் தங்கிக் காலப்போக்கில் கண்ணுக்கு மறைந்தன.

மறைந்ததை மீட்கும் பணி தன்னார்வலர் கையில் தொடங்கியது. 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பல நாடுகளிலிருந்த தமிழர் தம் ஓய்வு நேரத்தில் தட்டச்சிட்ட நூல்கள் பொதுவுக்கு வந்தன. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் திரட்டிய நூற்செல்வம், அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையால் காக்கப்பட்டு, 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. 1981 சூன் முதல் நாள் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பை மறவாத மண்ணின் எழுத்துகளைக் காக்க 2005இல் 'நூலகம்' என்னும் இணைய நூலகம் எழுந்தது. நூல்களோடு இதழ்களையும், விழா மலர்களையும், நினைவு மலர்களையும் அது ஒரே மதிப்போடு சேர்த்துவைத்துள்ளமை பாராட்டத்தக்கது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017 முதல் அரிய நூல்களையும் பருவ இதழ்களையும் வழங்கிவருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதியை அடுத்து வளர்ந்த 'சோத்கங்கா' களஞ்சியத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் பொதுவில் கிடைக்கின்றன. தமிழ்த்துறை ஆய்வேடுகளும் அவற்றுள் அடங்கும்.

ஆயினும் இருப்பவை கண்ணில் படுவதில்லை. இதற்குக் காரணங்கள் உள. முதலாவது எழுத்துருச் சிக்கல். தொண்ணூறுகளிலும் அதன் பின்னரும் பாமினி, ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில் அச்சிட்ட கட்டுரைகள் கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றினும், கணினிக்குள் உரோமன் எழுத்துகளின் குவியலாகவே இருக்கின்றன. தேடுபொறி அவற்றைத் தமிழ் என்று அறிவதில்லை. ஒருங்குறி முறையில் 1991 முதலே தமிழ் இடம்பெற்றிருந்தும், தமிழ்நாடு அரசு அதனைத் தரமாக ஏற்றது 2010இல்தான். இரண்டாவது, படமாக எடுக்கப்பட்ட பக்கங்கள். எழுத்துணரியின் வழியே எழுத்தாக மாற்றப்படாத பக்கத்துக்குள் எந்தச் சொல்லையும் தேட இயலாது. மூன்றாவது, பெயர் வேறுபாடு. சாமிநாதையர், சாமிநாத ஐயர், உ.வே.சா. என ஒருவரே மூவராய் நிற்கிறார். நான்காவது, மொழியின் இயல்பு. 'சிலப்பதிகாரம்' என்று தேடினால் 'சிலப்பதிகாரத்தில்' என்னும் சொல் அகப்படாமற் போகலாம். மின்னூலுக்குள் தேடுபவர் 'சிலப்பதிகார' என்னும் பொதுப்பகுதியை இட்டுத் தேடுவது பயன்தரும்.

மேலைநாட்டார்க்குக் கதவு அடைபட்டிருந்தது. வழி தெளிவாக இருந்தது. தமிழுக்குக் கதவு பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது, வழி தூர்ந்துபோயிருக்கிறது.

முடிவுரை

தூர்ந்த வழியைத் திருத்தப் பெரும்பொருளோ அரசாணையோ வேண்டுவதில்லை. இலக்கிய வட்டங்கள் வெளியிடும் ஆண்டு மலர்களில் கவிதைகளோடு ஆய்வுக் கட்டுரைகளும் இடம்பெறுகின்றன. ஊர் வரலாறும், வட்டார வழக்கும், மறைந்த புலவரின் வாழ்க்கையும் பற்றிய செய்திகள் பல இம்மலர்களில் மட்டுமே பதிவாகியுள்ளன. விழா முடிந்ததும் அவை உறுப்பினர் வீட்டு அலமாரிக்குள் அடங்கிவிடுகின்றன. பிற்காலத்தார் ஒருவர் அதே பொருளை ஆராயும்போது, முன்னவர் செய்த பணியை அறியாமல் முதலிலிருந்து தொடங்குகிறார்.

இதனைத் தவிர்க்க ஒவ்வொரு வட்டமும் செய்யத்தக்கன நான்கு உள. மலரை ஒருங்குறியில் அமைத்து அதன் மின்படியைப் பேணுதல் ஒன்று. கட்டுரை ஆசிரியரிடமும் கவிஞரிடமும் பொதுவில் வைப்பதற்கான இசைவை எழுத்தில் பெறுதல் இரண்டு; இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து அறுபதாண்டுகள் வரை நீடிப்பதால், இன்று ஒரு வரியில் பெறக்கூடிய இசைவைப் பின்னாளில் வாரிசுகளைத் தேடிப் பெற நேரும். கவிதையைப் பொதுவில் வைக்க விரும்பாத கவிஞரின் உரிமையை மதித்து, அப்பக்கங்களை விலக்கிவைத்தலும் இதனுள் அடங்கும். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர் பெயரின் முழுவடிவம், தலைப்பு, ஆண்டு, பக்கம், பொருட்சொற்கள் ஆகியவற்றைக் குறித்து அடைவு அமைத்தல் மூன்று. மின்படியையும் அடைவையும் நிலையான இணைய நூலகம் ஒன்றில் சேர்த்தல் நான்கு.

பத்தாண்டு மலர் ஒன்று இப்பணியைத் தொடங்குதற்கு ஏற்ற இடமாகும். முந்தைய பத்தாண்டுகளில் வட்டத்தின் மேடைகளில் படிக்கப்பட்ட கட்டுரைகளின் பட்டியல் முதலில் ஆயத்தமாகட்டும். கட்டுரைகள் கிடைக்காத இடத்தில் தலைப்பும் ஆசிரியர் பெயருமேனும் பதிவாகட்டும். மறைந்த தமிழ் நூல்கள் பலவற்றின் பெயர், அவ்வளவேனும் எழுதி வைத்த உரையாசிரியர்களாலேயே இன்று அறியப்படுகிறது.